பஞ்சாரத்துக்குள் போன அரிசி

என் தம்பிக்கு விஞ்ஞானச் செய்தி என்றால் உயிர். போன மாதம் காளவாசலில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, காபி ஆறுவதற்குள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களில் தடுப்பு மருந்தை ஏற்றி உடம்புக்குள் அனுப்புகிறார்களாம். நீயும் ஒரு காலத்தில் இந்த வேலைதானே பார்த்தாய் என்று கேட்டான். பார்த்தது கிட்டத்தட்ட இதே வேலைதான். ஆனால் எங்கள் துகள் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். அதன் பெயர் புழுங்கலரிசி.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மதுரைக்கு வெளியே ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். ஒரே ஒரு திட்டத்துக்காக எடுத்த ஆள் நான். திட்டம் பலித்தால் இன்னொரு வருஷம் நீட்டிப்பு உண்டு. பலிக்காவிட்டால் அந்த டிசம்பரோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டிலோ அப்பா ஜாதகக் கட்டோடு காத்திருந்தார். வேலை இருக்கும்வரை அவர் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை, வேலை போன மறுநாள் நான் வாயைத் திறப்பதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அதனால் அந்த அரிசியில் என் தலையெழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தது.

திட்டம் என்னவென்றால், நாட்டுக்கோழிகளுக்கு வருகிற வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தை அரிசி மூலம் கொடுப்பது. வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய். காலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கிற கோழி மறுநாள் இருக்காது. ஊசி போடலாமென்றால் நாட்டுக்கோழியைப் பிடிப்பதற்குள் நம் உயிர் போய்விடும். மரத்தில் ஏறித் தூங்குகிற ஜாதி அது. மருந்தைக் குளிரில் வைத்திருக்க ஊரில் ஃபிரிட்ஜும் கிடையாது. ஆகவே வெயிலுக்கு அவ்வளவு சீக்கிரம் சாகாத அதே இனத்தில் நோய் தராத ஒரு சாது வைரஸை மருந்தாகப் பிடித்து, அரிசியில் பிசறிக் கொத்தவிட்டால் என்ன என்று பார்த்தோம்.

புழுங்கலரிசியை அரை வேக்காடு வேகவைத்து, ஆற்றி, மருந்துத் தண்ணீரை அளந்து பிசறி, நிழலில் உலர்த்த வேண்டும். திட்டத்துக்குப் பொறுப்பான டாக்டர் பெரிய படிப்பாளி, நல்ல மனிதர், அடுப்பைக் கண்டால் மட்டும் குழந்தை. முதல் வாரம் அவர் வைத்த அரிசி ஆய்வுக்கூடம் முழுக்கத் தீய்ந்த வாசனையைப் பரப்பியது. அதற்குப் பிறகு அடுப்பு என் கைக்கு வந்தது. முட்டைக்குக்கூட அனுமதி இல்லாத சௌராஷ்டிர வீட்டில் பிறந்து, கோழிக்குச் சமைக்கிற வேலைக்குச் சம்பளம் வாங்கியவள் எங்கள் சொந்தத்தில் நான் ஒருத்திதான். அம்மா கேட்டபோது அரிசி சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி என்று சொல்லி வைத்தேன். அவள் நெல் என்று நினைத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை.

மருந்து வேலை செய்ததா என்று கோழியின் ரத்தத்தைக் கேட்டால் சொல்லிவிடும். அந்த வைரஸுக்கு ஒரு குணம்: கோழியின் சிவப்பணுக்களைக் கண்டால் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஆனால் கோழியின் உடம்பில் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி உண்டாகியிருந்தால், அது முந்திக்கொண்டு வைரஸைப் பிடித்துக் கட்டிப்போடும். பணியாரச் சட்டி மாதிரிக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் கோழியின் சீரம் என்கிற ரத்தத் தெளிவு, வைரஸ், சிவப்பணு மூன்றையும் சொட்டுச் சொட்டாக விட்டு வைப்போம். எதிர்ப்பொருள் இல்லையென்றால் சிவப்பு, குழி முழுக்கப் பரவி நிற்கும். இருந்தால் சிவப்பணுக்கள் சும்மா கீழே இறங்கி, குழியின் நடுவில் அழகான குங்குமப் பொட்டாக உட்காரும். தெளிவைப் பாதி பாதியாகத் தண்ணீர் விட்டுக் குறைத்துக்கொண்டே போனால் எத்தனை குழிவரை பொட்டு நிற்கிறதோ அவ்வளவு பலம். எங்கள் பேச்சில் கோழிகளே இரண்டு வகைதான், பொட்டு விழுந்தது, பொட்டு விழாதது.

சோதனைக்கு டாக்டர் தேர்ந்தெடுத்தது திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். இரண்டே தெரு. கோயில் தெரு ஒன்று, நடுவில் வயல்வெளி, அதைத் தாண்டிக் கம்மாய்க்கரைத் தெரு. ஒரு தெருவுக்கு மருந்து அரிசி, இன்னொன்றுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் பொட்டு அரிசியால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியும். சோதனை முடிந்ததும் அடுத்த தெருவுக்கும் மருந்து தருவதாக ஏற்பாடு.

எந்தத் தெருவுக்கு இல்லை என்பதில் எங்களுக்குச் சிரமமே வைக்காமல் ஒரு மனிதர் முடிவு செய்து கொடுத்தார். கம்மாய்க்கரைத் தெருவில் சண்டைச் சேவல் வளர்ப்பவர். நாற்பது வயதிருக்கும், மீசைக்கு அதைவிடக் கூட இருக்கும். மருந்து தொட்ட சேவல் களத்தில் நிற்காது, கால் தளர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. முந்தின வருஷம் ஒரு நல்ல சேவலுக்குப் பக்கத்து வீட்டார் ஏதோ சொட்டு மருந்து விட்டுவிட்டார்கள் என்பதற்காக, அதே வாரம் அதைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவர். எங்கள் தெருவுக்குள் மருந்து வரக்கூடாது என்று அவர் சொன்னதும் மற்ற ஆண்களும் தலையாட்டினார்கள். டாக்டருக்கு உள்ளுக்குள் குஷி. தானாக அமைந்தது பாருங்கள் என்று வண்டியில் வரும்போது மூன்று தடவை சொன்னார்.

ரத்தம் எடுக்க மட்டும் அவரே முன்னால் வந்தார். தன் சேவலில் நோயும் இல்லை மருந்தும் இல்லை என்று ஆய்வுக்கூடமே சொல்லட்டும் என்ற கௌரவம். அவருடைய சேவல் மயில் கழுத்து நிறம். அதற்கென்று தனி பஞ்சாரம், அதாவது மூங்கில் கூடை, வீட்டுப் பின்பக்கத்தில் தனி இடம், காலையும் மாலையும் கேப்பை. வேறு கோழியோடு ஒரு நிமிஷம் சேரவிட மாட்டார். அதன் இறக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக் குத்துங்க தங்கச்சி, பயந்துருவான்," என்றார். கண்ணை மூடிக்கொண்டது அவர்தான், சேவல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி அந்தச் சேவலை முட்டையிலிருந்து பொரித்து எடுத்தவர். சேவல்காரரை அண்ணே என்று கூப்பிட்டதால் இந்த அம்மாளை மதினி என்றேன். அவர் என்னை டாக்டரம்மா என்றார். நான் டாக்டர் இல்லை என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பட்டம் சும்மா வருகிறது, எதற்குத் தள்ளுவானேன் என்று விட்டுவிட்டேன்.

முதல் ரத்தத்தில் இரண்டு தெருவிலும் ஒரு பொட்டுக்கூட இல்லை. நல்ல ஆரம்பம். அதன்பின் கோயில் தெருவில் வீடு வீடாகப் பொட்டலம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதும் வருவதும்தான் என் பாடு. ஒரு நாள் கண்டக்டர் உள்ளே மீனா என்று கேட்டார். ரத்தம் என்றேன். அன்றைக்கு மூன்று பேர் சீட்டில் தனியாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பழங்காநத்தம் வந்து சேர்ந்தேன். அதிலிருந்து கூட்டமுள்ள நாட்களில் யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினேன்.

இரண்டாவது ரத்தம் எடுத்துத் தட்டில் விட்டு, நாற்பது நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கோயில் தெருக் கோழிகள் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. டாக்டர் ஓடி வந்து தட்டைச் சாய்த்துப் பார்த்தார். சாய்த்தால் நிஜப் பொட்டு வழிய வேண்டும்; சுத்தமாக வழிந்து ஓடியது, சந்தேகமே இல்லை. நான் மனதுக்குள் அப்பாவின் ஜாதகக் கட்டை எடுத்துப் பரணில் போட்டேன்.

அடுத்த தட்டு கம்மாய்க்கரைத் தெரு. அதிலும் பொட்டு. ஒன்று இரண்டு இல்லை, பாதிக்கு மேல். அதிலும் ஒரு வரிசை கடைசிக் குழிவரை பொட்டு வைத்துக்கொண்டு, இரண்டு தெருவிலும் என்னை மிஞ்ச ஆளில்லை என்பதுபோல் நின்றது. சீட்டைப் பார்த்தேன். மயில் கழுத்துச் சேவல்.

டாக்டர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மருந்து கொடுக்காத தெருவில் பொட்டு விழுந்தால் ஒப்பிட என்ன இருக்கிறது? அரிசியால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? ஊருக்குள் தானாகத் திரிகிற வேறேதாவது காட்டு வைரஸ் வந்துபோயிருக்கலாம். கோயில் தெருக் கோழி மேயப்போய்க் கம்மாய்க்கரைக் கோழிக்கு ஒட்டவைத்திருக்கலாம். மேலதிகாரிகள் இதைத்தான் கேட்பார்கள், திட்டத்தை மூடிவிடுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அரிசியை அளந்து, ஆற்றி, நிழலில் காயவைத்து, ஒரு மணிகூடத் தீயாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

அந்த ஆத்திரத்தில்தான் சேவல் ஞாபகம் வந்தது. மேய்கிற கோழிக்கு ஒட்டலாம். பஞ்சாரத்துக்குள் தனியாக இருக்கிற சேவலுக்கு யார் ஒட்டுவது? அதற்கு யாரோ கையால் கொடுத்திருக்கிறார்கள். டாக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்தார். அந்த வீடு அப்படி ஒப்புக்கொண்டு, எத்தனை நாள் எவ்வளவு கொடுத்தோம் என்று எழுத்தில் ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால், அறிக்கை நிற்கும் என்றார். மாசக் கடைசிக்குள் வேண்டும் என்றும் சொன்னார். அன்றைக்கு டிசம்பர் பத்தைத் தாண்டியிருந்தது.

மறுநாளே போனேன். அண்ணன் வெளியே போயிருந்தார். மதினி பின்பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாரத்தின் ஒரு ஓரம் செங்கல் துண்டின் மேல் தூக்கி நின்றது. காற்றுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சேவலுக்கு மருந்து அரிசி கொடுத்தீர்களா என்று கேட்டேன். மதினி தேய்ப்பதை நிறுத்தினார். வாசலைப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார்.

கோயில் தெருவில் அவர் தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர் தங்கையை மட்டுமில்லை, கம்மாய்க்கரைத் தெருவில் ஒரு வீட்டுக்கும் கோயில் தெருவில் சொந்தம் இல்லாமல் இல்லை. முறுக்குச் சுட்டாலும், ஆட்டுக்கறி எடுத்தாலும், வெண்டைக்காய் கூடக் காய்த்தாலும் ஒரு பங்கு வயலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். மருந்து அரிசி வந்தபோதும் அதேதான் நடந்தது. கொடுத்தவர்களுக்கு அது சோதனையைக் கெடுக்கிற காரியமென்று தோன்றவே இல்லை. கொடுக்காமல் இருந்திருந்தால்தான் கேவலம். பொட்டலம் கொடுத்த நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்த டாக்டருக்கும் எனக்கும் வயல்தான் தெரிந்தது, அதன் மேல் போய்வருகிற கிண்ணங்கள் தெரியவில்லை.

"அவுக கோழிக்கு மட்டும் சீக்கு வராம, எங்க கோழி சாகணுமாக்கும்?" என்று மதினி கேட்டார்.

ஒரே வேளையில் போட்டிருந்தால் சேவலுக்கு இவ்வளவு பலம் வந்திருக்காது. மதினி தன் பங்கை மருந்து சாப்பிடுகிற மாதிரி நாளுக்கு ஒரு சிட்டிகையாகப் பத்து நாள் கொடுத்திருக்கிறார். விடிந்ததும் அண்ணன் கம்மாய்க்குக் குளிக்கப் போகிற நேரம் பார்த்துப் பஞ்சாரத்துக்கு அடியில் இரண்டு விரலால் தள்ளிவிடுவாராம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், களவாடிய மாங்காயைத் தின்கிற சந்தோஷம்.

கையெழுத்து என்றதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. மருந்து தொடாத சேவல் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். தெரிந்தால் பொங்கலுக்கு முன்னால் சேவலை விற்றுவிடுவார், போன வருஷத்துச் சேவலை அப்படித்தான் செய்தார். "முட்டையில இருந்து பொரிச்சது டாக்டரம்மா. சொல்லிராதீங்க," என்றார். கண் கலங்கியிருந்தது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, என் வேலையை நானே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, பஸ் ஏறினேன். வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஆனாலும் திரும்பிப் போய்க் கேட்க மனசு வரவில்லை. டாக்டரிடம், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றேன்.

மாசம் கழிந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு மாலை, பேச்சோடு பேச்சாக, பரமக்குடியில் ஒரு பையன் என்று ஆரம்பித்தார். வேலை இன்னும் போகவில்லை என்று ஞாபகப்படுத்தினேன். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போனார்.

மாசக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூட வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. சேவல்கார அண்ணன். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படியச் சீவி, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்போல் நின்றார். அவருடைய மச்சான் ஊர் ஆறு மைல் தள்ளி. அங்கே வெள்ளைக்கழிச்சல் இறங்கிக் கோழிகள் சுருண்டு விழுந்துகொண்டிருந்தன. நல்லா இருக்கிற கோழிகளையாவது காப்பாற்ற வேண்டும், அந்த மருந்து அரிசி ஒரு படி கிடைக்குமா என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மருந்து தொட்ட கோழி உருப்படாது என்று தெருவையே தடுத்தவர் நீங்கள்தானே, உங்கள் சேவலுக்கு வேண்டாதது மச்சான் கோழிக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டுவிட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எஞ் சேவலும் அதத்தேன் தின்னுச்சு தங்கச்சி," என்றார்.

மருந்து அரிசி ஊருக்குள் வந்த மறுநாளே துண்டை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறார். மதினி பஞ்சாரத்துக்கு முன்னால் குந்தியிருந்து, கூடை விளிம்புக்கு அடியில் விரலை நுழைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். கூடை மேல் கல் ஏற்றி வைத்திருப்பது வழக்கம். மூங்கில் சிராய் குத்தி விரலை உதறுவதும், மறுபடி நுழைப்பதுமாக இருந்தாராம். அண்ணன் சத்தம் போட வாயைத் திறந்தவர், என்னவோ தோன்றி, துண்டு இல்லாமலே கம்மாய்க்குத் திரும்பிப் போய்விட்டார்.

"மறுநாள்ல இருந்து ஒரு செங்கத் துண்ட அடியில வச்சுட்டுத்தேன் குளிக்கப் போவேன். கையில குத்தாதுல்ல."

டாக்டர் உள்ளே இருந்து எழுந்து வந்து நின்றிருந்தார். பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன், இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரமுடியுமா, என் வேலையே அதில்தான் இருக்கிறது என்று. அவர் யோசிக்கவே இல்லை. நோட்டை வாங்கி, நான் எழுதியதை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்து, பத்து நாள் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, சரியாகப் பத்து நாள்தான், தான் எண்ணியிருப்பதாகச் சொன்னார். பெரிய கையெழுத்தாகப் போட்டார். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அவளுக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரியாமச் செஞ்சுட்டோம்னு அவளுக்கு அம்புட்டுச் சந்தோசம். அதக் கெடுத்துராதீங்க."

அன்றைக்கு ஒரு படி கேட்டவருக்கு இரண்டு படியாக அளந்து கொடுத்தேன்.

டாக்டர் அறிக்கையைத் திருத்தி எழுதினார். கோயில் தெரு, கம்மாய்க்கரைத் தெரு என்ற பிரிவை எடுத்துவிட்டு, அரிசி தின்ற கோழி, தின்னாத கோழி என்று பிரித்தார். அந்தத் தெருவில் பொட்டு விழாத கோழிகள் சொந்தக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த வீடுகளின் கோழிகள் என்று விசாரித்ததில் தெரிந்தது. கணக்கு கச்சிதமாக நின்றது. கடைசியில் ஒரு பத்தி, ஊர்ப் பெண்கள் கையில் கொடுத்தால் இந்த மருந்து தானாகவே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று. ஜனவரி முதல் வாரம் நீட்டிப்பு ஆணை வந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தேதி தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பொங்கலுக்கு முந்தின வாரம், சொன்ன வாக்குப்படி கம்மாய்க்கரைத் தெருவுக்கு மருந்து அரிசி எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் ஊரில் கழிச்சல் இறங்கிய கதை பரவியிருந்ததால் எல்லா வீட்டிலும் வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் தெரு நடுவில் நின்று, அவங்கவங்க இஷ்டம், ஆனால் என் சேவலுக்கு மருந்து கிருந்து ஆகாது என்று நாலு பேர் காதில் விழச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். நானும் மிகவும் கஷ்டப்பட்டுச் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பின்பக்கம் போனபோது மதினி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். முந்தானையை விரித்தார். ஒரு பொட்டலத்தைப் போட்டேன், இன்னொரு கைப்பிடியும் சேர்த்துப் போட்டேன். இந்தத் தடவை ஒரே நாளில் கொடுத்தால் போதும் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்த மாதிரி தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுல்ல டாக்டரம்மா?"

வீட்டைச் சுற்றி வந்த அண்ணன், மதினிக்குப் பின்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஞ்சாரத்தின் பக்கம் குனிந்திருந்தார். செங்கல் துண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.

"தெரியாது மதினி," என்றேன்.